நார்வி இல்லாத படங்கள்

நூற்று இருபத்தைந்தாம் நாள் படத்தில் இருந்த ஆடு நார்வியின் ஆடு இல்லை.

மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு செம்மறி. வெள்ளை முகம், இடது கண்ணைச் சுற்றி மட்டும் கருப்பு, வாயில் ஒரு பிடி உலர்புல். மாதர் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் நாற்பது பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். ஒருத்தி ‘மகாராணி’ என்றே எழுதிவிட்டாள். சமையலறை மேசையில் கருவாட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே போனைப் பார்த்த நார்வி தடவுவதை நிறுத்தினான். குவம்மூர்ப் பண்ணையில் நானூற்றுப் பன்னிரண்டு தாயாடுகள். அத்தனை முகமும் அவனுக்கு அத்துப்படி. இந்த முகம் அதில் இல்லை.

அதுவோ ஜனவரி மாதம். மலை மறைத்துச் சூரியனையே ஏழு வாரமாகக் கண்ணால் பார்க்கவில்லை. நவம்பரிலேயே ஐஸ்லாந்தில் எல்லாப் பண்ணைகளிலும் ஆட்டைக் கொட்டகைக்குள் அடைத்தாகிவிட்டது. இனி வசந்தத்துக்குத்தான் வெளியே வரும். ஆக, இது கொட்டகைக்கு உள்ளே நின்று எடுத்த படம். தீனித் தொட்டியின் பலகை புதுசு. ஆணித் தலைகள்கூட இன்னும் மின்னுகின்றன. எங்கள் பள்ளத்தாக்கில் புதுக் கொட்டகை கட்டியவன் ஒரே ஒருவன்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெய்கூர்ப் பண்ணை எய்விந்த். மனைவி விட்டுப் போய் ஆறு வருஷமாகத் தனியாக இருக்கிறவன். நெட்டையன், அளந்து பேசுகிறவன், ஐம்பது வயதிலும் தலைமுடி கொட்டாதவன். இந்த மூன்றுமே நார்விக்கு இல்லாதவை.

நார்வியின் மனைவி யோருன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் பள்ளத்தாக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாள், மதியம் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். தெய்கூரில் பிள்ளையே கிடையாது. வேனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

“இன்னிக்குப் படம் நல்லா வந்திருக்கு” என்றான், அடுப்பைப் பார்த்து நின்றவளிடம்.

“ம்.”

“எங்க எடுத்த?”

“கொட்டகைலதான்.”

“யாரு கொட்டகைல?”

“ஆடு இருக்கிற கொட்டகைல” என்று சூப்பில் உப்புப் பார்த்தாள் யோருன். “ஒரு கிழங்கு கூடப் போடவா, இது போதுமா?”

நார்வி போதும் என்றான். அன்று சூப்பு இறங்கவில்லை. வாய்க்குள் போன கறி மெல்ல மெல்லப் பெருத்துக்கொண்டே போனது.

இந்தப் படச் சங்கதியைத் தொடங்கிவைத்தது மாதர் சங்கம். சங்கத்துக்கு நூறாவது வருஷம் வந்தது. அதற்காக ஐந்து பெண்கள் நாளுக்கு ஒரு படம் எடுப்பது என்று பேச்சு. செப்டம்பரில் மலையிலிருந்து இறங்கிய ஆட்டை அவரவருக்குப் பிரிக்கும் நாளில் தொடங்கி அடுத்த வருஷம் ஆடு பிரிக்கும் நாளில் முடிக்க வேண்டும். அன்றன்றைக்கு எடுத்ததை அன்றன்றே போட வேண்டும், நேற்றையதை இன்றைக்குப் போட்டு ஏமாற்றக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன்பே நாலு பேர் கழன்றுகொண்டார்கள். ஒருத்திக்குப் போன் தண்ணீரில் விழுந்தது. ஒருத்தி தன் பூனையையே இருபத்தாறு நாள் போட்டாள், பிறகு அந்தப் பூனைக்கே அலுத்துவிட்டது. யோருன் மட்டும் விடவில்லை. பனிப்புயலில் கதவைத் திறக்க முடியாத நாளில் கதவையே எடுத்துப் போட்டாள்.

தொடக்கத்தில் நார்விக்குப் பெருமைதான். பால் வண்டிக்காரனிடம்கூடப் போனை நீட்டிக் காட்டினான். அவனுடைய அக்கா சல்வோர்தான் வாயை வைத்தாள். அவளுக்குக் கூட்டுறவுக் கடையில் வேலை. பகல் முழுக்கப் பள்ளத்தாக்கின் வம்பெல்லாம் அவள் கல்லாவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“ஏன்டா நார்வி, உன் பொண்டாட்டி படத்துல எல்லாம் வருது. குப்பைத் தொட்டிகூட வந்துருச்சு. உன்ன மட்டும் காணோமே, ஊருல இல்லையா நீ?”

“எடுக்கிறவளுக்கு எது தோணுதோ அத எடுக்கிறா.”

“அதத்தான் நானும் சொல்றேன். எய்விந்தோட நாய் மூணு தடவை வந்திருக்கு. டிராக்டர் ரெண்டு தடவை.”

“நாய் ரோட்டுல படுத்துக் கெடக்கும்.”

“நீ ரோட்டுல படுத்துப் பாரேன். உனக்கும் ஒரு சான்ஸ் கெடைக்கும்” என்றாள் சல்வோர், அவன் வாங்கிய ஆணியை எடை போட்டுக்கொண்டே.

அன்றிலிருந்து அவனுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. நூற்றுச் சொச்சம் படத்தையும் முதலிலிருந்து பார்த்தான். ஆறு, மேகம், வேனின் கண்ணாடியில் பனி, பிள்ளைகளின் கையுறைகள், கொதிக்கும் இரத்தப் புட்டு. ஆறாம் படத்தில் ஒரு நிழல் இருந்தது. தன் நிழலோ என்று பெரிதாக்கிப் பார்த்தான். வேலிக்கம்பம்.

இப்படி இருக்கிறபோதுதான் கருப்புக் கண் ஆடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு யோருன் வேனை வாசலில் நிறுத்துகிற நேரத்தைக் கவனித்தான். செவ்வாயும் வியாழனும் முக்கால் மணி நேரம் தாமதம். அவள் மேல்சட்டையைக் கழற்றி மாட்டும்போது பக்கத்தில் போய் மூச்சை இழுத்தான். ஆட்டு வாடைதான். ஆனால் நார்வி வெறும் ஆள் இல்லையே. ஆற்றின் இரண்டு பக்கத்துப் புல்லுக்கும் வாடை வேறு. தெய்கூர்ப் புல் கொஞ்சம் புளிப்பு. அவள் தோளில் அந்தப் புளிப்பு இருந்தது. மோப்பம் பிடிக்கிற தன்னை நினைத்து வெட்கப்பட்டான். அப்படியும் வியாழக்கிழமை மறுபடி முகர்ந்தான்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் தோரி என்கிற நடுக்குளிர் மாதத்து விருந்து. வருஷம் முழுக்க நடந்ததை வைத்து ஊர்க்காரர்களை ஊர்க்காரர்களே மேடையில் ஏறிக் கிண்டலடிப்பார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். புளிக்கவைத்த இறைச்சியும் வாட்டிய ஆட்டுத் தலையும் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தன. மேடையில் ஒருவன் நார்வியின் தொப்பி மாதிரி ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் விளக்கைக் கட்டி, ஒரு பெரிய ஆல்பத்துக்குள் தலையை விட்டுத் தேடினான். “நான் எங்க? யோருன், நான் எங்க? இது நானா? இல்லையா? வேலிக்கம்பமா?” என்றான். மண்டபம் அதிரச் சிரிப்பு. வேலிக்கம்பம் எப்படி இவர்களுக்குத் தெரிந்தது என்று நார்விக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடையில் தானே உளறியது பிறகுதான் நினைவு வந்தது. நாடகம் எழுதியவள் சல்வோர்.

யோருன் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நார்வியும் பல்லைக் காட்டினான். எதிர் மேசையில் எய்விந்த் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி ஆட்டுத் தலையின் கன்னத்துச் சதையைக் கத்தியால் வழித்துக்கொண்டிருந்தான். சிரித்துத் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் சிரிக்கிறபோது ஒருவன் சிரிக்காமல் இருந்தால் அவனிடம் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நார்வி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

“கோவமா?” என்றாள் யோருன், வண்டியை ஓட்டிக்கொண்டே.

“இல்லையே.”

“கோவம்னா வாயத் திறந்து சொல்லு. உம்முனு வந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?”

“கோவம் இல்லன்னு சொல்றேன்ல.”

“சரி. இல்லன்னே வச்சுக்குவோம்.”

பிப்ரவரிக் கடைசியில் ஸ்கேன்காரர் பள்ளத்தாக்குக்கு வந்தார். சினையாட்டின் வயிற்றில் எத்தனை குட்டி என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் வரும் நாளில் பக்கத்துப் பண்ணைக்காரன் போய் ஆடு தள்ளிக் கொடுக்க வேண்டும். எத்தனை மனத்தாங்கல் இருந்தாலும் அதற்குப் போகாமல் இருக்க முடியாது. நார்விக்கும் அது கசக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதானே துடித்துக்கொண்டிருந்தான்.

எய்விந்தின் கொட்டகை சுத்தமாக இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாததே ஒரு குற்றமாகத் தெரிந்தது. நார்வி ஆடுகளை ஒவ்வொன்றாகக் குறுகிய கூண்டுக்குள் தள்ள, ஸ்கேன்காரர் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து அடிவயிற்றில் கருவியை வைத்து, “ரெண்டு... ரெண்டு... ஒன்னு... காலி... மூணு, பாவம்” என்று சொல்லிக்கொண்டே போனார். எய்விந்த் அதற்கேற்ப முதுகில் சாயம் அடித்தான். இருநூறு ஆடு முடிந்ததும் கோடித் தடுப்பில் பன்னிரண்டு தனியாக நின்றன. அதில் ஒன்றுக்கு இடது கண்ணைச் சுற்றிக் கருப்பு.

நார்வி அதன் காதைப் பிடித்தான். எங்கள் பக்கத்தில் ஆட்டின் சொந்தக்காரனைக் காதுதான் சொல்லும். பிறந்த சில நாளிலேயே கத்தியால் வெட்டிவிடுகிற குறி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம், எல்லாம் குறிப் புத்தகத்தில் பதிவு. பள்ளத்தாக்கின் குறி அத்தனையும் நார்வியின் விரலுக்குப் பாடம். இருட்டில்கூடத் தடவிப் பெயர் சொல்வான். எய்விந்துடையது வலது காதில் நுனிப் பிளவு. இந்தக் காதில் பிளவு இல்லை. வலதில் முன்பக்கம் சாய்வெட்டு, இடதில் பின்பக்கம் இரண்டு கொத்து. அவன் விரலுக்குத் தெரியாத குறி.

“இது யாரோட குறி?”

“தனியா எழுதுங்க” என்று ஸ்கேன்காரரிடம் சொன்னான் எய்விந்த். “இந்தப் பன்னெண்டும் தனி.”

“உன்னத்தான் கேக்கறேன். யாரோடது?”

எய்விந்த் சாயக் குப்பியைக் குலுக்கினான். “கேக்க வேண்டிய எடத்துல கேளு நார்வி. நான் புல்லு போடறேன், அவ்வளவுதான்.”

நார்வி வீட்டுக்குப் போகவில்லை, நேரே கடைக்குப் போனான். பள்ளத்தாக்கின் குறிப் பதிவேடு சல்வோரின் பொறுப்பில்தான் இருக்கிறது. அவள் மீன் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வலது முன் சாய்வெட்டு, இடது பின் ரெண்டு கொத்து. யாரு?”

சல்வோர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். “ஒருவழியா தடவிப் பாத்துட்டியா?”

“யாருன்னு கேக்கறேன்.”

“ஹால்ஸ்தெய்ன் மகள் யோருன். பண்ணை, குவம்மூர். போன வருஷம் ஜூன் மாசம் பதிவு.”

“நீயா எழுதின?”

“என் வேலைடா அது.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? கூடப் பொறந்தவதானே நீ?”

“நீ வந்து எப்பவாச்சும் கேட்டியா? நானூறு ஆட்டு மூஞ்சியும் உனக்குத் தெரியும். வீட்டுல ஒரு மூஞ்சி இருக்கே, அதப் பாத்து எத்தன வருஷமாச்சு?” என்று மறுபடி அடுக்கத் தொடங்கினாள். “பால் வேணுமா? வந்தது வந்துட்ட.”

அன்று மேசையில் ஆட்டுக்கறியும் வெள்ளைச் சாறும். நார்வி உட்காரவில்லை. யோருன் உட்கார்ந்து தனக்குப் போட்டுக்கொண்டாள்.

“பன்னெண்டு ஆடு” என்றான்.

“ஆமா, பன்னெண்டு. எய்விந்த் ரெண்டு வசந்தமா தாயில்லாத குட்டிய எங்கிட்டக் குடுத்தான். அங்கயே போய்ப் புட்டிப்பால் குடுத்து வளத்தேன். அதுக்குக் கூலியா பெட்டைக் குட்டிங்கள வாங்கிக்கிட்டேன். புல்லுக்கு, அவன் கணக்கு நோட்டு, வரிப் பேப்பர் எல்லாம் நான் எழுதித் தரேன். செவ்வாயும் வியாழனும்.”

“என் வீட்டுல இருந்துக்கிட்டு, இன்னொருத்தன் கொட்டகைல ஆடு வளக்கிற. ஊரே சிரிக்குது.”

“ஊரு சிரிச்சது வேலிக்கம்பத்துக்கு.”

“இங்க இல்லாத எடமா? நானூறு நிக்குது, பன்னெண்டு நிக்காதா?”

“கேட்டேனே. மூணு தடவை கேட்டேன். எனக்குன்னு ஒரு குறி, ஒரு பத்து ஆடுன்னு கேட்டேன். மூணு தடவையும் நீ சிரிச்ச. எல்லாம் நம்மோடதுதானே, உனக்கு எதுக்குத் தனியான்னு கேட்ட.”

“நம்மோடதுதானே.”

யோருன் கத்தியைத் தட்டின் ஓரம் வைத்தாள். “மோராவ நெனப்பிருக்கா? அடுப்புப் பக்கத்துல பொட்டியில வச்சு நான் வளத்த ஆடு. நான் வேன் ஓட்டிட்டு வரதுக்குள்ள கசாப்பு லாரியில ஏத்தி அனுப்பிட்ட. கேட்டதுக்கு என்ன சொன்ன?”

நார்விக்கு நினைவிருந்தது. மடி கெட்டுப்போன ஆடு, வைத்திருந்து பிரயோசனம் இல்லை. ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை. காதில் இருக்கிறது என் குறி, என் ஆடு, உன்னை எதற்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னான். நாலு வருஷத்துக்கு முன்னால். அன்றைக்கு அவள் பதில் பேசாமல் வேனைக் கழுவப் போனாள். அதோடு முடிந்தது என்று அவன் நினைத்துவிட்டான்.

“அதுக்கு அவன் கொட்டகைதான் கெடச்சுதா?” என்றான். அவனுக்கு அந்த இடத்தை விட்டு மனசு நகர மறுத்தது. “அவனுக்கு உன்மேல ஏதாச்சும்...”

“அவனுக்கு என்ன இருக்குன்னு அவன்கிட்டப் போய்க் கேளு. எனக்கு ஆடு இருக்கு.”

“ஒரு படத்துலகூட நான் இல்லையே, அது ஏன்?”

“மொத நாளே உன்ன எடுக்க வந்தேன். இது இப்ப ரொம்பத் தேவையான்னு கேட்டுட்டு டிராக்டர்ல ஏறிட்ட.” அவள் மேலும் ஒரு துண்டுக் கறி வைத்துக்கொண்டாள். “பாரு நார்வி. வர்ற செப்டம்பர் ஆடு பிரிக்கிற நாள் வரைக்கும் யோசி. என் குறியோட என் ஆடுங்க உன் கொட்டகைல நிக்கலாம்னா சொல்லு. இல்லன்னா தெய்கூர்ல எய்விந்தோட அம்மா இருந்த சின்ன வீடு சும்மா கெடக்கு, வாடகைக்குக் கேட்டிருக்கேன். ஆட்டோட நானும் போறேன். கோவத்துல சொல்லல. சாப்பிடு, ஆறுது.”

அவ்வளவுதான் பேச்சு. பொண்டாட்டி கள்ளத்தனமாக ஒருவனிடம் போய்வருகிறாள் என்று நினைத்தபோது இருந்த எரிச்சலைவிட இப்போதுதான் அதிகம் எரிந்தது. ஆளோடு போனால் சண்டை போடலாம், கழுத்தைப் பிடிக்கலாம். பன்னிரண்டு ஆட்டோடு எப்படிச் சண்டை போடுவது?

மே மாதம் குட்டி போடுகிற பருவம். இரவும் பகலும் வெளிச்சம், தூக்கம் என்பதே கிடையாது. யோருன் குவம்மூர்க் கொட்டகையில் தன் முறை வேலையை ஒரு நாளும் தவறவிடவில்லை. முழங்கை வரை கைவிட்டுக் குட்டியைத் திருப்பி எடுத்தாள், அயோடின் தடவினாள், பால் குடிக்காததைக் குடிக்கவைத்தாள். முறை முடிந்ததும் ஆற்றைத் தாண்டிப் போனாள். போகும்போது பிளாஸ்கில் காபியும் புகையிட்ட கறி வைத்த ரொட்டியும் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கா ஒருவருக்கா என்று நார்வி ரொட்டியை எண்ணினான். நாலு இருந்தது. நாலு என்பது இரண்டு பக்கமும் பொருந்துகிற எண்ணாகப் போய்விட்டது.

இருநூற்று ஐம்பத்தொன்றாம் நாள் படத்தில் அவள் கை இருந்தது. கட்டைவிரலில் இரத்தம், சின்னக் கத்தி, புதிதாக வெட்டிய ஒரு குட்டிக் காது. முதல் முறையாகத் தன் குறியை அவளே வெட்டியிருக்கிறாள். இருநூறு பேர் பார்த்தார்கள். நார்வி பார்த்தது வேறு. குட்டியை இடுக்கிப் பிடித்திருந்தது ஒரு முழங்கால். நீலக் காற்சட்டை, முட்டியில் ஒட்டுப்போட்டது. எய்விந்தின் முழங்கால். நார்வி தன் குட்டிகளுக்குக் குறி வெட்டும்போது இருபத்திரண்டு வருஷமாக யோருன்தான் பிடித்துக்கொள்வாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள அவனைக் கூப்பிடவில்லை. ஒரு முழங்காலைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதன் எங்கள் பள்ளத்தாக்கில் அவனாகத்தான் இருக்கும்.

“கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேன்” என்றான், ஒருநாள் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது, எந்தத் தொடர்பும் இல்லாமல்.

“எதுக்கு?”

“காது வெட்ட. பிடிச்சுக்க.”

யோருன் கையிலிருந்த புல்லை உதறிப் போட்டாள். “வந்து, குறி கோணலா இருக்குன்னு சொல்லிருப்ப” என்று அடுத்த வரிசைக்குப் போனாள்.

கோணலாகத்தான் இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை.

கோடை முழுக்க ஆடுகள் மலைமேல் மேய்ந்தன. நார்வி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எய்விந்தின் முகம் குறுக்கே வந்தது. இவன் முந்திக்கொடுத்ததை நான் பிந்திக் கொடுப்பதா என்று மென்று விழுங்கினான். செப்டம்பரும் வந்துவிட்டது.

ஆடு பிரிக்கும் நாள் காலையில் நல்ல குளிர், மேல்முகட்டில் புதுப் பனி. மூன்று நாளாகக் குதிரையில் போய் மலையிலிருந்து திரட்டிக் கொண்டுவந்த ஆடுகள், நாலாயிரத்துக்குக் குறையாது, வட்டப் பட்டிக்கு வெளியே கத்திக்கொண்டிருந்தன. பட்டியின் நடுவே பெரிய களம், சுற்றிலும் பண்ணைக்கொரு தடுப்பு, ஒவ்வொன்றின் கதவிலும் பெயர்ப் பலகை. களத்துக்குள் விட்ட ஆட்டைக் கொம்பைப் பிடித்து, காதைத் தடவி, கால்களுக்கிடையில் இடுக்கி, அது அது சேர வேண்டிய தடுப்புக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். கம்பளிச் சட்டை போட்ட ஊரே உள்ளே இறங்கியிருந்தது. மதிலில் உட்கார்ந்தவர்கள் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள், சாராயக் குப்பிகளும் கைமாறத் தொடங்கின.

நார்வியின் கைக்கு வந்த பதினேழாவது ஆடு கருப்புக் கண். காதைத் தடவ வேண்டிய அவசியமே இல்லை. நிமிர்ந்து பார்த்தான். எய்விந்த் இருபதடி தூரத்தில் தன் தடுப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அந்தத் திறந்த கதவைப் பார்த்ததும் நார்விக்கு உச்சி வரை ஏறியது. ஆட்டை இழுத்துக்கொண்டு போய்க் குவம்மூர்த் தடுப்புக்குள் தள்ளினான். அதன் பிறகு தன் ஆட்டையே அவன் தேடவில்லை. சாய்வெட்டும் கொத்தும் எங்கே என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு தேடினான். ஒன்று அவன் முழங்காலில் முட்டியது, ஒன்று சேற்றில் இழுத்துக்கொண்டு போனது. மதியத்துக்குள் தாயும் குட்டியுமாக முப்பத்தொன்றும் அவன் தடுப்பில். ஒன்றைக்கூட எய்விந்துக்கு விடவில்லை.

“போதுமா?” என்று குரல் கேட்டது. யோருன் நின்றுகொண்டிருந்தாள்.

“அவன் கதவத் தெறந்து வச்சு நிக்கறான்!”

“அவனோட ஆட்டுக்கு நிக்கறான். அங்க பாரு.”

அவள் காட்டிய பக்கம், யாரும் குடியில்லாத பழைய பண்ணையின் குறுகலான தடுப்பு ஒன்று. வருஷக்கணக்காகச் சும்மா கிடந்தது. அதன் கதவில் இன்று புதுப் பலகை, வெள்ளைச் சாயத்தில் ஒரே ஒரு பெயர்: யோருன். காலையிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள். உள்ளே ஒரு ஆடுகூட இல்லை. எல்லாவற்றையும் இவன் வாரிக்கொண்டுவிட்டான்.

அப்போது எய்விந்த், பழக்க தோஷத்தில், குவம்மூர்த் தடுப்புக்குள் கையை விட்டு யோருனின் குட்டியொன்றைப் பிடித்தான். “எய்விந்த், விடு. அது என்னோடது” என்றாள் யோருன். நார்வியிடம் பேசும் அதே குரல், கூடவும் இல்லை குறையவும் இல்லை. எய்விந்த் விட்டுவிட்டுப் போனான். நார்விக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மூன்று தப்படி அகலத் தடுப்பைப் பார்த்தும் அவனுக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஊர் பார்க்க, இழுத்துப் போன முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தான். முதல் ஆட்டோடு அவள் கதவில் நின்றான்.

“உள்ள விடட்டுமா?”

“விடு.”

கடைசி ஆடு உள்ளே போனதும் கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினான். “தெற்கு ஓரத்துல எடம் இருக்கு. பன்னெண்டு நிக்கும்.”

“பதினெட்டு. ஆறு குட்டிய நான் வச்சுக்கப்போறேன்.”

“பதினெட்டும் நிக்கும்.”

“எனக்காகவா சொல்ற, அவன் மேல இருக்கிற கடுப்புலயா?”

நார்வி சட்டைக் கையால் முகத்துச் சேற்றைத் துடைத்தான். பொய் சொல்ல நினைத்தான். களைப்பில் அது வாய்க்கு வரவில்லை. “கடுப்புதான் ஜாஸ்தி. இதுங்க அந்தப் பாலத்தத் தாண்டிப் போறத என்னால பாக்க முடியாது. நீ போறத... அதச் சொல்லவே தெரியல எனக்கு.”

யோருன் பலகையில் ஒட்டியிருந்த கம்பளி நாரைக் கிள்ளி எடுத்தாள். “ம். ஓட்டிக்கிட்டுப் போவோம் வா” என்றாள். சரி என்றும் சொல்லவில்லை.

எய்விந்தின் மந்தை முன்னே போய்விட்டது. அரை மணி கழித்துக் குவம்மூர் மந்தையும் அதன் வாலில் யோருனின் முப்பத்தொன்றும் சாலையில் ஏறின. சல்வோர் பின்னால் காரை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, “கடைசி நாள்டி யோருன்! இன்னும் படம் போடலையே நீ!” என்று கத்தினாள். “போடறேன், போடறேன்” என்றாள் யோருன்.

இரண்டு மைல் தாண்டியதும் சாலை பிரியும் இடம். நேரே குவம்மூர், இடதுபக்கம் பாலம் தாண்டித் தெய்கூர். குவம்மூரின் நானூற்றுச் சொச்சம் ஆடும் அவற்றின் குட்டிகளும் தலையைக்கூடத் திருப்பாமல் நேரே போயின. வாலில் வந்த கருப்புக் கண் மட்டும் நின்றது. மூக்கைத் தூக்கியது. புல் தின்று, குட்டி போட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க இருந்த வீடு அதற்கு எந்தப் பக்கம் என்று தெரியாதா? இடதுபக்கம் திரும்பியது. மற்ற பதினொன்றும் குட்டிகளும் அதன் பின்னால் திரும்பின. அந்தக் கரையிலிருந்து எய்விந்தின் மந்தை கத்துவது கேட்டது. இவையும் பதில் குரல் கொடுத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டன.

“யோருன்! மறி, மறி!”

அவள் நின்ற இடத்தில் நின்றாள்.

நார்வி ஓடினான். ஐம்பத்து நாலு வயது, காலையில் முட்டு வாங்கிய முழங்கால், சேற்றில் கனத்த பூட்ஸ். பள்ளத்தில் இறங்கி, தடுக்கி விழுந்து, எழுந்து, பாலத்துக்கு முன்னால் போய்ச் சாலையின் நடுவே நின்றான். தொப்பி எங்கோ விழுந்துவிட்டது. “ஹோய்! ஹோய்! இந்தப் பக்கம் இல்ல! அங்க! வீட்டுக்கு!” என்று தொண்டை கிழியக் கத்தினான். குரல் உடைந்து அழுகை மாதிரி வந்தது. கருப்புக் கண் அவனை ஏற இறங்கப் பார்த்தது. ஒரு பக்கம் நுழையப் பார்த்தது, அங்கே தாவினான். மறுபக்கம் போனது; அங்கேயும் தாவினான். சல்வோர் காரை நிறுத்திவிட்டு இறங்கிச் சிரிக்கிறாள், அதைப் பற்றியும் அவனுக்குக் கவலையில்லை.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கற? வந்து ஒரு பக்கம் மறியேன்! போயிடும் எல்லாம்!”

யோருன் மெல்ல நடந்து வந்தாள். ஆடுகளுக்குப் பின்னால், சரியான தூரத்தில் நின்றாள். பையிலிருந்து போனை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

“ஐயோ, இப்பவா? தலைகூட வாரல...”

“அசையாத. கைய இன்னும் நல்லா விரி நார்வி” என்றாள் யோருன். “ஒன்னுகூடப் போகக் கூடாது.”